மகள் சம்பளமில்லாமல் செயலி செய்கிறாள்... விடலாமா?

வாசகர் கேள்வி - பதில்

"நாலு ஏக்கர் தென்னை, தனியாக ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம், மூன்று மாடுகள் வைத்திருக்கிறேன். இயற்கை முறைக்கு மாறி இது இரண்டாவது வருடம். மகள் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். 'ஃபார்ம் ஓ.எஸ்.' என்று பண்ணைக் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்று இருக்கிறதாம். அதற்கு மொபைல் செயலி செய்து தருகிறேன் என்று தானாக முன்வந்து, இந்த விடுமுறை முழுவதும் அதிலேயே உட்காரப் போகிறாளாம். சம்பளம் ஒரு பைசா கிடையாது. கூடப் படிக்கும் பிள்ளைகள் கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப் போகிறார்கள். இவள் யாருக்கோ இலவசமாக உழைப்பது சரியா? நாளைக்கு இவள் செய்ததை எவனாவது எடுத்து விற்றால் என்ன செய்வது? நம் தோட்டத்துக் கணக்கையும் அதில்தான் ஏற்றப் போகிறேன் என்கிறாள். அது வெளிநாட்டுக்காரன் கைக்குப் போய்விடாதா?"

- பெயர் வேண்டாம் என்று எழுதியவர், உடுமலைப்பேட்டை வட்டம்.

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றாவதுதான் அவசரமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

'ஓப்பன் சோர்ஸ்' என்றால் மென்பொருளின் செய்முறை எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று பொருள். அதில் நீங்கள் எழுதும் கணக்கு திறந்திருக்கிறது என்று பொருள் இல்லை. பஞ்சகவ்யா தயாரிக்கும் முறை ஊருக்கே தெரியும். அதற்காக உங்கள் டிரம்மை யாரும் திறந்து பார்க்க முடியாது அல்லவா? அதுபோலத்தான். கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதை முடிவு செய்வது, அது எந்த சர்வரில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்ற இரண்டும்தான்.

ஃபார்ம் ஓ.எஸ். மென்பொருளை அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் ஸ்டென்டா தொடங்கினார். த்ருபல் என்ற இன்னொரு திறந்த மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. இதை இறக்கி, நீங்களே வாடகைக்கு எடுத்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால், சர்வரை வாடகைக்கு விடும் நிறுவனத்தைத் தவிர உங்களுக்கும் உங்கள் கணக்குக்கும் நடுவில் வேறு ஆள் இல்லை. வேறொருவர் நிறுவி நடத்தும் சேவையில் சேர்ந்தால் கணக்கு அவர் இடத்தில் இருக்கும். மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "அம்மிணி, கணக்கு எந்த சர்வரில் இருக்கும்? மாதம் என்ன செலவு? நீ வேலைக்குப் போன பிறகு அதை யார் பார்ப்பது?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை நோட்டுப் புத்தகத்தை மூட்டை கட்டாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் வைத்துவிடலாம் என்று மகள் சொல்லக்கூடும். முடியும். ஆனால் மின்வெட்டு, இடி மின்னல், எலி எல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகல் எடுத்துவைக்க ஏற்பாடு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

இதையே திருப்பியும் பார்க்க வேண்டும். இன்று நம் போனில் 'இலவசம்' என்று வந்து உட்காரும் விவசாயச் செயலிகள் பல தனியார் நிறுவனங்களுடையவை. அவற்றில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், என்ன மருந்து வாங்கினோம் என்று தட்டிக்கொண்டே இருக்கிறோம். அந்தக் கணக்கு யார் கைக்குப் போகிறது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. உங்கள் மகள் எடுத்திருக்கும் மென்பொருளில் அதைக் கேட்கவும், உள்ளே திறந்து பார்க்கவும் முடிகிறது. அந்த வகையில் அவள் தேர்வு நல்ல தேர்வு.

அடுத்தது, எவனாவது எடுத்து விற்றால்? விற்கலாம். அதற்கு உரிமம் இருக்கிறது. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் முழுதாகக் கேளுங்கள். ஃபார்ம் ஓ.எஸ். 'ஜி.பி.எல்.' என்ற உரிமத்தில் வெளியிடப்படுகிறது. மென்பொருளை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம், காசுக்கும் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது அதன் செய்முறையையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும், அதே உரிமத்தோடு. பூட்டுப் போட்டு விற்க முடியாது. நெல் ஜெயராமன் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டாரே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. வாங்கியவர் அரிசியாக்கி விற்றுச் சம்பாதிக்கலாம். விதை ஓட்டம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஓர் ஓட்டை உண்டு. ஒருவர் இதைத் திருத்தித் தன் சர்வரிலேயே வைத்துக் கட்டணச் சேவையாக நடத்தினால், மென்பொருளை வெளியே கொடுக்காதவரை திருத்தங்களைக் காட்ட வேண்டிய கட்டாயம் இந்த உரிமத்தில் இல்லை. இதெல்லாம் தெரிந்தேதான் உலகம் முழுவதும் ஆட்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன், லினக்ஸ் என்ற மென்பொருளின் மேல் ஓடுகிறது. அதை 1991-ல் தொடங்கியவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். அவருக்கும் அப்போது யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

இனி உழைப்புக்கு வருவோம். இன்டர்ன்ஷிப் எல்லாமே சம்பளம் தருவதில்லை. மாணவரிடமே ஐயாயிரம், பத்தாயிரம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் அடித்துக் கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அதைவிடச் சும்மா இருக்கலாம். திறந்த மென்பொருளில் வேலை செய்தால், உங்கள் மகள் எழுதிய ஒவ்வொரு வரியும் அவள் பெயரோடும் தேதியோடும் பொதுவெளியில் நிற்கும். அனுபவசாலிகள் அதைப் படித்து, இது தப்பு, இப்படி மாற்று என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திருத்தம்தான் படிப்பு. இதனால் வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் நேர்காணலில் "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு பொருள் இருக்கும்.

சம்பளத்தோடு இதே வேலையைச் செய்ய ஒரு வழியும் உண்டு. கூகுள் நிறுவனம் 2005 முதல் 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' என்ற திட்டத்தை நடத்துகிறது. 18 வயது முடிந்தவர்கள், திறந்த மென்பொருளுக்குப் புதியவர்களாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஒரு திறந்த மென்பொருள் குழுவோடு வீட்டிலிருந்தே வேலை, முடித்தால் உதவித்தொகை. விண்ணப்பம் மார்ச், ஏப்ரல் வாக்கில் இருக்கும். கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்டு யாராவது வந்தால் அது மோசடி. எந்தெந்தக் குழுக்கள் என்பது வருடா வருடம் மாறும். ஒரு குழுவில் முன்பே சின்னச் சின்ன வேலை செய்து அறிமுகமாகி இருப்பவர்களுக்கு இதில் வாய்ப்பு அதிகம். ஆகவே இந்த விடுமுறையில் இலவசமாகச் செய்வது அடுத்த வருட விண்ணப்பத்துக்கு உரம் போடுவதாகவும் அமையலாம்.

ஆனால் மகளுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். முழுச் செயலியைப் புதிதாகச் செய்து தருகிறேன் என்று கிளம்புவது அவசரம். ஃபார்ம் ஓ.எஸ். மென்பொருளுக்கு 'ஃபீல்ட் கிட்' என்ற துணைச் செயலி ஏற்கெனவே இருக்கிறது. சிக்னல் இல்லாத காட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்புவதற்காகவே செய்யப்பட்டது. முதலில் அதைப் போனில் ஓட்டிப் பார்க்கட்டும். எங்கே தடுக்குகிறது என்று எழுதட்டும். அந்தக் குழுவிடம் "எனக்கு இத்தனை வாரம் நேரம் இருக்கிறது, எது உங்களுக்கு உதவும்?" என்று கேட்கட்டும். அதன் பிறகும் தனிச் செயலி தேவைதான் என்றால் செய்யலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், மாணவர்கள் செய்த செயலிகள் பெரும்பாலும் சாவது செய்யும்போது அல்ல, செய்து முடித்த பிறகு. இறுதியாண்டு வருகிறது, பிராஜெக்ட் வருகிறது, வேலை கிடைத்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். ஆண்ட்ராய்டோ வருடா வருடம் மாறுகிறது. புதிய பதிப்புக்கு ஏற்பச் செயலியைத் திருத்தாமல் விட்டால், ப்ளே ஸ்டோரில் புதிய போன் வைத்திருப்பவர்களுக்கு அது கண்ணிலேயே படாமல் போகும். அதற்குள் அதை நம்பி இரண்டு வருடக் கணக்கை ஏற்றிய விவசாயியின் நிலை என்ன? கன்று நட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லாமல் போவது மாதிரிதான். இருக்கும் செயலியில் ஒரு பகுதியைச் சரிசெய்தால், இவள் விலகினாலும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வேலையில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது.

ஃபார்ம் ஓ.எஸ். கணக்கை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, நம்மிடம் இருப்பவை: நிலம், பயிர், மாடு, கருவி. இன்னொன்று, நடந்தவை: விதைப்பு, நாற்று நடவு, இடுபொருள், கண்காணிப்பு, அறுவடை, மாட்டுக்கு வைத்தியம் என்று தேதி போட்ட பதிவுகள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆங்கிலத்தில் 'ஹார்வெஸ்ட்' என்று ஒரே சொல்லாக இருப்பது நம்மிடம் எத்தனை சொல்! நெல் என்றால் அறுவடை. தென்னையில் காய் வெட்டு. மிளகாயில் பறிப்பு. நிலக்கடலையில் பிடுங்கல். 'அறுவடை' என்று ஒரே பொத்தான் வைத்துவிட்டால் தென்னைக்காரர் அதைத் தொடத் தயங்குவார். வெங்காயத்தை மூட்டையில் சொல்வோம், தேங்காயை எண்ணிக்கையில் சொல்வோம், கொப்பரையைக் கிலோவில் சொல்வோம். ஆள் கூலியில் ஆண் ஆள், பெண் ஆள், அரை ஆள் என்று எழுதுவோம். பி.ஏ.பி. பாசனத்தில் நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். உங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் வந்த வருடமா, வராத வருடமா என்று தெரியாமல் மகசூல் கணக்கை மட்டும் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். இந்த விவரமெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் இல்லை. உங்களிடம் இருக்கிறது. ஒரு நாள் மாலை மகளை உட்கார வைத்து, உங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக விளக்கிச் சொல்லுங்கள். அவளுடைய முதல் வேலை தமிழாக்கமாகவே இருந்தாலும் நான் குறைத்து மதிக்க மாட்டேன்.

இன்னொரு நுணுக்கம். நீங்கள் தோப்பில் சிக்னல் இல்லாத இடத்தில் 'இன்று காய் வெட்டு, 2,400 காய்' என்று எழுதுகிறீர்கள். வீட்டில் உங்கள் துணைவியார் வியாபாரி எண்ணியதைப் பார்த்து '2,350' என்று எழுதுகிறார். இரவில் இரண்டு போனும் சர்வரோடு பேசும்போது எதை எடுத்துக்கொள்வது? இரண்டையும் கூட்டிவிட்டால் கணக்கு நாசம். ஒன்றை அழித்தால் எதை அழிப்பது? எழுதிய தேதி வேறு, வேலை நடந்த தேதி வேறு என்பதையும் செயலி புரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரக் கணக்கை எழுதுவதுதானே நம் வழக்கம். இந்த மாதிரிச் செயலியில் கஷ்டமான பகுதி இதுதான். இதை ஒழுங்காகத் தீர்க்க முடிந்தால், உங்கள் மகள் தேறிவிட்டாள் என்று நான் சொல்வேன். வண்ணப் பொத்தான்களை யாரும் செய்யலாம்.

சோதனைக்கும் நீங்கள்தான் ஆள். ஈரக் கையோடு தொட முடிகிறதா, உச்சி வெயிலில் எழுத்து தெரிகிறதா, கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தனிச் செயலியாக ப்ளே ஸ்டோரில் போடுவதென்றால் கணக்குத் தொடங்க ஒரே தடவை 25 டாலர் கட்ட வேண்டும். புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கு என்றால், செயலியை வெளியிடுவதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்த 12 பேரைக் கல்லூரி விடுதியில் பிடிக்காமல் உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பிடிக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாமல் வெளியிட வேண்டுமென்றால், திறந்த மென்பொருள்களுக்கென்றே 'எஃப்-டிராய்டு' என்ற தளம் இருக்கிறது.

கடைசியாகச் சான்றிதழ் விஷயம். நீங்கள் இயற்கை முறைக்கு மாறும் காலத்தில் இருக்கிறீர்கள். தேசிய விதிகளின்படி வெங்காயம் போன்ற ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருடம், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 3 வருடம் மாறுதல் காலம். இந்த வருடங்களில் எந்த இடுபொருள், எங்கே வாங்கியது, எந்தத் தேதியில், எவ்வளவு போட்டது என்ற பதிவுதான் உங்கள் சாட்சி. அதைச் சோதனையில் இருக்கும் ஒரு செயலியில் மட்டும் வைப்பது ஆபத்து. முதல் வருடம் முழுவதும் நோட்டிலும் எழுதுங்கள், செயலியிலும் எழுதுங்கள். மாதக் கடைசியில் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். எது விட்டுப்போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். அச்செடுத்த பதிவை ஏற்பார்களா என்று உங்கள் சான்றளிப்பு ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். செயலியிலிருந்து கணக்கை அட்டவணைக் கோப்பாக வெளியே எடுக்க முடிய வேண்டும் என்பதையும் மகளிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். அது இல்லாத செயலியைச் செய்தவர் மகளாகவே இருந்தாலும் சேர்க்காதீர்கள்.

என் முடிவு: விடுங்கள். எட்டு வாரம் என்று எல்லை வைத்து விடுங்கள். வீட்டு இணையச் செலவு உங்களுடையது.

"எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவில் 300 பேருக்கு மேல் இருக்கிறோம். யார் எவ்வளவு நிலக்கடலை தருவார்கள் என்று முன்கூட்டியே கணக்கெடுக்க ஒரு செயலி வேண்டும். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் பிராஜெக்டாக இலவசமாகச் செய்து தருகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?"

- குழு நிர்வாகி, திண்டிவனம் வட்டம்.

மேலே உள்ள கேள்வியையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். அங்கே மாணவி உலகமே பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் ஒரு கல் எடுத்து வைக்கிறாள். அவள் போனாலும் கட்டடம் நிற்கும். இங்கே மாணவர்கள் உங்களுக்கென்று தனியாக ஒரு கட்டடம் கட்டி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு படிவம். அதற்குப் புதுச் செயலி வேண்டாம். 'ஓ.டி.கே.' என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரும் அவரது ஆராய்ச்சி மாணவர்களும் தொடங்கியது. கேள்விகளை நாம் எழுதிக் கொடுத்தால் போதும்; போனில் படிவமாக வரும். தமிழிலும் கேட்கலாம். நெட் இல்லாத ஊரில் நிரப்பிக்கொண்டு வந்து, பிறகு அனுப்பலாம். நிலத்தின் இடத்தையும் ஜி.பி.எஸ். மூலம் குறிக்கலாம். (போனில் எடுக்கும் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். கணக்கெடுப்புக்குப் போதும், வரப்புத் தகராறுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.) இதே வழியில் வந்த 'கோபோ டூல்பாக்ஸ்' என்பதும் உண்டு.

மாணவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தப் படிவத்தை அமைத்துத் தரவும், உங்கள் பணியாளர் இருவருக்குப் பழக்கிக் கொடுக்கவும் அவர்களைக் கேளுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் முடியும் வேலை. அதற்குக் குழு நிதியிலிருந்து ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள்தானே என்று சும்மா வாங்கினால், தவறு வந்தபோது திருத்திக் கேட்க நமக்கும் வாய் வராது. உறுப்பினர்களின் போன் எண், நில விவரம், வங்கி விவரம் எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் திணிக்க வேண்டாம். நிலக்கடலைக் கணக்குக்கு வங்கி எண் எதற்கு?

முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சர்வர் கணக்கு, மின்னஞ்சல், அதற்கு இணைத்த போன் எண் எல்லாம் குழுவின் பெயரில் இருக்க வேண்டும்; எந்த மாணவரின் பெயரிலும் இருக்கக் கூடாது. பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, தீர்மானப் புத்தகம் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள். நிர்வாகி மாறும்போது சாவியோடு அந்த உறையும் கை மாறட்டும்.